கபினிக் கரையில் இரண்டு தேசத்துக் கணக்கு

மைசூரிலிருந்து தெற்கே போகும் ராஜபாட்டை, கபினி நதியைத் தாண்டி நஞ்சன்கூட்டைத் தொட்டு, குண்டலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூர் வனத்தில் புகுந்து, அப்பால் நீலகிரி ஜில்லாவின் மலைகளில் ஏறுகிறது. இன்று இந்தப் பாதையில் உதகமண்டலத்துக்கு உல்லாசப் பிரயாணம் செய்கிறவர்களிடம், 1950-ஆம் வருஷம் வரையில் இந்த வனத்துக்கு நடுவே இரண்டு வருமானவரி ராஜ்யங்களின் எல்லை கிடந்தது என்று சொன்னால் நம்புவது சிரமம். வடக்கே மைசூர் சமஸ்தானத்துக்கென்று 1923-ஆம் வருஷத்து வருமானவரிச் சட்டம் தனியாக இருந்தது. தெற்கே சென்னை மாகாணத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் 1922-ஆம் வருஷத்துச் சட்டம் நடந்தது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிட்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் எல்லைக்கு இருபுறமும் வாழ்ந்தன. அவர்களுடைய கடைகளும் களஞ்சியங்களும் இருபுறமும் இருந்தன. ஆகவே, இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவில் ஒரு மனிதனுடைய சம்பாத்தியம் எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வி, ஆகாய விமானமும் அமெரிக்க உத்தியோகமும் வந்த பிறகு புதிதாகப் பிறந்ததன்று. நஞ்சன்கூட்டுக்கு அது பழைய கேள்வி.

எனக்கு ஆடிட்டர் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் மைசூர் அக்கிரகாரத்தில் ஒரு மாடியறையில் ஆபீஸ் வைத்திருந்தார். சமஸ்தான காலத்துக் கணக்குகளைக் கையால் எழுதியவர். வேலை ஓய்ந்த மாலை வேளைகளில் அவர் அந்த நாளைய விவகாரங்களை விஸ்தாரமாகச் சொல்லுவார். எல்லைக்கு அப்பால் கூடலூரிலோ உதகையிலோ குடியிருந்துகொண்டு, இப்பால் மைசூர் ராஜ்யத்தில் வியாபாரம் வைத்திருந்த ஒருவருக்கு, இங்கே விளைந்த லாபத்தின் மீது பிரிட்டிஷ் சர்க்கார் உடனே வரி கேட்கவில்லை. சுதேச சமஸ்தானத்தில் உண்டான வருமானத்தைப் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பெற்றாலோ கொண்டுவந்தாலோதான் வரி என்று 1922-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு ஒரு விலக்கு வைத்திருந்தது. அதனால் புத்தியுள்ள வியாபாரிகள் தங்கள் லாபத்தை மைசூர் பாங்கியிலேயே தங்கவிட்டார்கள். பெண்ணின் கலியாணத்துக்கென்று அதில் ஒரு தொகையை எடுத்து மடியில் முடிந்துகொண்டு வனத்தைத் தாண்டினால், தாண்டிய அந்தத் தொகை அந்த வருஷத்து வரிக்கு உட்பட்டது. சம்பாதித்ததால் வரவேண்டிய வரி, வண்டியேறியதால் வந்தது! இதை அவர் வேடிக்கைக் கதையாகச் சொல்லவில்லை. சட்டம் ஒரு மனிதனிடம் 'நீ யார்' என்று கேட்பதற்கு முன்னால், 'நீ எங்கே இருந்தாய், பணம் எங்கே பிறந்தது, எங்கே கைக்கு வந்தது' என்ற மூன்றையும் கேட்கிறது என்பதை எனக்குப் பதியவைப்பதற்காகச் சொன்னார்.

வி. டி. கிருஷ்ணமாச்சாரியாரின் தலைமையில் சமஸ்தானங்களின் நிதி நிலைமையை ஆராய்ந்த குழுவின் யோசனைகளை அனுசரித்து, 1950 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் மைசூர் ராஜ்யத்துக்கும் இந்திய வருமானவரிச் சட்டமே பொதுவாயிற்று. திடீரென்று விகிதம் ஏறிக் குடிகள் திண்டாடாமலிருக்கச் சில வருஷங்களுக்குச் சலுகை தரும் உத்தரவும் அதே வருஷம் பிறந்தது. வனத்தின் நடுவிலிருந்த எல்லை மறைந்தது. ஆனால் அதே 1950-ஆம் வருஷம் டிசம்பரில், கடலுக்கு அப்பாலிருந்த ஓர் எல்லையைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. பெரியவர் எனக்குப் பாடமாக வைத்த முதல் தீர்ப்பு அதுதான்.

சுப்பய்யச் செட்டியார் வழக்கு என்று எங்கள் தொழிலில் அதைச் சொல்லுவோம். செட்டியார் ஓர் அவிபக்த ஹிந்து குடும்பத்தின் கர்த்தா. மனைவி மக்களோடு கொழும்பில் ஸ்திரவாசம் செய்து அங்கேயே வியாபாரம் நடத்திவந்தவர். 1941-42-ஆம் வருஷத்தில் அவர் பிரிட்டிஷ் இந்தியாவில் தங்கியது 101 நாட்கள். குடும்பத்தின் நிர்வாகம் முழுவதும் இந்தியாவுக்கு வெளியே இருந்தது என்று நிரூபித்தால் அந்தக் குடும்பம் வரிச் சட்டத்தின் கண்ணில் இந்நாட்டு வாசி அல்ல. முழுவதும் வெளியே இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் வாசி. நிரூபிக்கும் பாரம் குடும்பத்தின் மேல். கொழும்பிலிருந்தபடியே இந்தியக் காரியங்களையும் நடத்தினார் என்பதைக் காட்டக்கூடிய கடிதப் போக்குவரத்தைக் கொண்டுவந்து வைக்கும்படி அதிகாரிகள் கேட்டார்கள், அது வரவில்லை. ஜஸ்டிஸ் பசல் அலி எழுதிய தீர்ப்பில் குடும்பம் வாசியென்றே முடிவாயிற்று. அவர் கொழும்பில் வாழ்ந்தார் என்பதை எவரும் மறுக்கவில்லை. காகிதம் வரவில்லை என்பதே குறை. இத்தனை காலத்தில் என் மேஜைக்கு வந்த இரண்டு தேசத்து விவகாரங்களில் பெரும்பாலானவற்றை நான் அந்தக் கடிதக் கட்டை நினைத்துக்கொண்டேதான் கையாண்டிருக்கிறேன்.

இப்போதைய கணக்கு நாட்களில் தொடங்குகிறது. ஒருவர் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வருஷத்தில் 182 நாட்கள் இந்தியாவில் இருந்தால் அவர் இந்த நாட்டு வாசி. அப்போது உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அந்த வருமானம் இங்கே கணக்கில் வரவேண்டும். குறைந்த நாட்களுக்கு வேறு உபவிதிகள் உண்டு. விடுமுறைக்கு வரும் பிரஜைகளுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் 182 நாள் வரை இருந்த சலுகை, 2020-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 120 நாளாகச் சுருங்கிவிட்டது. உத்தியோகத்துக்காக முதன்முதல் வெளிநாடு புறப்படும் பிள்ளைகளுக்கு 182-ஆவது நாளே தீர்மானமான நாள். ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணினால் அது செப்டம்பர் 29-ஆம் தேதி வருகிறது. மைசூர்ப் பிரதேசத்தில் இதனால் வரும் சங்கடத்தை மற்ற ஊர்க்காரர்கள் அறியமாட்டார்கள். தசரா சில வருஷங்களில் செப்டம்பர் கடைசியிலும் பல வருஷங்களில் அக்டோபரிலும் விழுகிறது. "பிள்ளை முதல் தடவையாகக் கடல் கடந்து போகிறான், ஜம்பு சவாரியைப் பார்த்துவிட்டுப் போகட்டுமே ஸார்" என்று தாயார் கேட்கிறாள். போகலாம், ஆனால் அந்த ஒரு வாரத்துக்காக அவன் அந்த வருஷம் முழுவதற்கும் இந்திய வாசியாகி, அக்டோபர் முதல் மார்ச் வரையில் அமெரிக்காவில் வாங்கப்போகும் சம்பளத்தை இங்கே ரிட்டர்னில் காட்டி, அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளத் தனியாக 67-ஆம் நமூனாவும் தாக்கல் செய்யவேண்டியிருக்கும். இதைச் சொல்லிவிட்டு, தசராவுக்கு இருப்பதா வேண்டாமா என்ற தீர்மானத்தை அந்த வீட்டாரிடமே விட்டுவிடுவேன். சிலர் இருந்திருக்கிறார்கள், நான் அவர்களைத் தடுத்ததில்லை. புறப்படும் நாளையும் சேர்த்து எண்ணுங்கள், விமானச் சீட்டையும் ஏறுசீட்டையும் எறிந்துவிடாதீர்கள் என்று மட்டும் வற்புறுத்துவேன். ஏனென்றால் சிங்கப்பூர் முதலிய இடங்களில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வழக்கமே போய்விட்டது. நாளைக்கு ஒருவர் தாம் எங்கே இருந்தார் என்று காட்டவேண்டி வந்தால், அந்தக் காகிதத் துண்டுகளைத் தவிரச் சாட்சி இராது.

இரண்டு நாடுகளும் ஒரே மனிதனை ஒரே வருஷத்தில் தத்தம் வாசியென்று உரிமை கொண்டாடுவது சாதாரணமாக நிகழக்கூடியது. முதல் மகாயுத்தத்துக்குப் பிறகு வரிகள் உயர்ந்து இந்தத் தொல்லை ஐரோப்பாவில் பெரிதானபோது, சர்வதேச சங்கம் நான்கு பொருளாதார நிபுணர்களைக் கொண்டு ஆராயச் செய்தது. புரூயின்ஸ், ஐனோடி, செலிக்மன், ஸ்டாம்ப் ஆகிய அந்த நால்வரும் 1923-இல் கொடுத்த அறிக்கையில், மனிதனுடைய பொருளாதாரப் பற்று எந்த இடத்தில் இருக்கிறதென்று தேடிப்பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. இன்றைய ஒப்பந்தங்களில் அந்த எண்ணம் படிப்படியான விசாரணையாக அமைந்திருக்கிறது: நிரந்தர வீடு எங்கே, வாழ்க்கைப் பற்றுகளின் மையம் எங்கே, வழக்கமாகத் தங்குவது எங்கே, எந்த நாட்டுப் பிரஜை, இவை எதிலும் முடிவு ஏற்படாவிட்டால் இரண்டு அரசாங்கங்களும் கலந்து தீர்மானிக்கும். சட்டமும் ஒப்பந்தமும் முரண்பட்டால், வரி செலுத்துகிறவருக்கு எது அனுகூலமோ அதையே கொள்ளலாம் என்று இந்தியச் சட்டத்தின் 90-ஆவது பிரிவு சொல்லுகிறது. எங்கள் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் வாக்கியம் அது. சாமானிய மனிதனுக்கு இவ்வளவு தாராளமாகக் கை நீட்டும் விதிகள் வரிச் சட்டத்தில் அதிகம் இல்லை. ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள அந்நிய நாட்டு வரி அதிகாரி கொடுத்த வாசச் சான்றிதழ் முதலியன வேண்டும். அனுகூலம் தானாக வீடு தேடி வருவதில்லை.

அனுகூலம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மலேயாவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த தமிழர்களின் வழக்குகளே பிரமாணம். ஈப்போவில் ஸ்தாவர சொத்து வைத்திருந்த பி.வி.ஏ.எல். குழந்தகன் செட்டியார் நிறுவனம், தோட்டத்து வருமானமும் நிலத்தை விற்ற லாபமும் மலேசியாவுக்கே உரியவை, இந்தியா அவற்றைத் தொட முடியாது என்று வாதாடி, 2004 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டில் ஜயித்தது. அதற்குப் பத்து வருஷங்களுக்கு முன்பே நம் கர்நாடக ஹைகோர்ட் முத்தையா என்பவருடைய வழக்கில் ஏறக்குறைய அதே வழியில் தீர்ப்பளித்திருந்ததால், மைசூர் வட்டாரத்தில் எங்களுக்கு அந்த முடிவு அதிசயமாக இல்லை. பிற்பாடு 2008 ஆகஸ்டில் சர்க்கார் ஒரு விளம்பரம் பிரசுரித்து, அந்நிய தேசம் வரி விதிக்கலாம் என்று ஒப்பந்தம் அனுமதித்த வருமானத்தை இந்தியாவும் மொத்த வருமானத்தில் சேர்க்கும், இரட்டை வரிக்கு நிவாரணம் மட்டும் தரும் என்று ஏற்பாட்டை மாற்றிவிட்டது. பழைய தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு, வெளிநாட்டு வாடகையை ரிட்டர்னில் காட்டாமல் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அது ஆபத்து.

இனி, நஞ்சன்கூட்டில் நான் அதிகமாகப் பார்த்த விவகாரத்துக்கு வருகிறேன். தகப்பனார் காலமாகி, ஊரில் ஒரு வீடும் கிராமத்தில் கொஞ்சம் நிலமும் அமெரிக்கப் பிரஜையான மகளுக்கு வருகிறது. அவள் இரண்டையும் விற்க விரும்புகிறாள். கேட்பதற்கு எளிய காரியம். ஆனால் இதில் இரண்டு தேசத்துச் சட்டங்களும் ஒவ்வோர் அடியிலும் வெவ்வேறு திசையைப் பார்க்கின்றன.

வீட்டை எடுத்துக்கொள்வோம். வாங்குகிறவர் உள்ளூர்க் கடைக்காரர். ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட சொத்தை வாங்கும்போது நூற்றுக்கு ஒன்று பிடித்து சர்க்காருக்குக் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பத்திரம் எழுதுகிறவரும் அப்படியே சொல்லியிருப்பார். விற்கிறவர் இந்நாட்டு வாசியாக இருக்கும்போதுதான் அந்த ஒரு சதவீதம். வாசியல்லாதவரிடம் வாங்கினால் 195-ஆவது பிரிவின்படி மூலதன லாபத்துக்குரிய முழு விகிதத்தில் பிடித்தாக வேண்டும். பிடிக்கத் தவறினால் அந்த வரியும் வட்டியும் வாங்கியவர் தலையில் விழும். கணக்குக்கு எளிதாக, 2022-23-ஆம் வருஷத்தில் ஒரு வீடு 80 லட்சத்துக்கு விற்றதென்றும், 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி அதன் மதிப்பு 10 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த வருஷத்து விலைவாசிக் குறியீடு 331. ஆகவே அடக்க விலை 33 லட்சத்துப் பத்தாயிரமாக உயர்ந்து, லாபம் 46 லட்சத்துத் தொண்ணூறாயிரம். அதற்கு 20 சதவீத வரியும் தீர்வையும் சேர்த்து ஏறக்குறைய ஒன்பதே முக்கால் லட்சம். ஆனால் வாங்குகிறவருக்கு லாபம் எவ்வளவு என்று நிச்சயிக்க அதிகாரமில்லை. முழுக் கிரயத்தின் மீதும் மேல்வரியோடு பிடித்தால் 18 லட்சத்து 30 ஆயிரம் சொச்சம். இந்த வித்தியாசத் தொகையான எட்டரை லட்சம், ரிட்டர்ன் போட்டு ரீபண்டு வரும்வரை சர்க்கார் வசம் கிடக்கும். முன்கூட்டியே 13-ஆம் நமூனாவில் மனுச் செய்து, குறைவாகப் பிடிக்கும்படி அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கினால் இந்தக் கஷ்டம் இல்லை. அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். விற்க வருகிற மகளோ மூன்று வார லீவில் வந்திருக்கிறாள்! 2024 ஜூலை 23-ஆம் தேதிக்குப் பிறகு விகிதம் பன்னிரண்டரை சதவீதமாகக் குறைந்து, குறியீட்டு உயர்வு எடுபட்டுப்போனது. வாசிகளுக்குப் பழைய சொத்துக்களின் விஷயத்தில் பழைய முறைக்குரிய பாதுகாப்பை வைத்த சட்டம், வாசியல்லாதவர்களுக்கு அதை வைக்கவில்லை. இது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். இதே தெருவில் பிறந்து, இதே வீட்டின் பாதியை வாரிசாகப் பெற்ற அண்ணனுக்கு ஒரு கணக்கும் தங்கைக்கு வேறு கணக்குமாக இருப்பதற்கு, அவள் வேறு ஊரில் ஜீவனம் செய்கிறாள் என்பது போதிய காரணமாக எனக்குத் தோன்றவில்லை.

நிலத்தின் கதை வேறு. கிராமத்து விவசாய நிலம் இந்தியச் சட்டத்தில் மூலதனச் சொத்தே அல்ல. அதை விற்ற லாபத்துக்கு இங்கே வரியில்லை. எது கிராமத்து நிலம்? நகரசபை எல்லையிலிருந்து நேர்த் தூரமாக அளந்து பார்க்க வேண்டும். ஜனத்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள ஊருக்கு 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8. நஞ்சன்கூடு முதல் வகை. மைசூர் மாநகரம் இரண்டாவது. ஜனத்தொகைக்குக் கடைசியாகப் பிரசுரமான சென்சஸே ஆதாரம் என்பதால், 2021-இல் நடக்கவேண்டிய சென்சஸ் நடவாமற்போன பிறகு, 2011-ஆம் வருஷத்து எண்ணிக்கையை வைத்துக்கொண்டே எங்கள் நிலங்களின் ஜாதகத்தைக் கணித்துவந்தோம். நான் தாசில்தார் ஆபீஸில் தூரத்துக்குச் சான்று வாங்குவேன். பஹணிப் பத்திரத்தில் பயிர்க் கலத்தில் ராகியோ நெல்லோ வருஷா வருஷம் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். வாங்குகிறவர் இந்தியாவில் வசிக்கும் இந்தியப் பிரஜையா என்றும் கேட்பேன். ஏனென்றால் அந்நியப் பிரஜையான வம்சாவளியினர் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாமே தவிர விலைக்கு வாங்கக் கூடாது, விற்பதானாலும் இந்தியாவில் வசிக்கும் இந்தியப் பிரஜைக்கே விற்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தபின் இந்தியாவில் வரி பூஜ்யம். மகளுக்கு ஆனந்தம். ஆனால் அமெரிக்கா தன் பிரஜைகளின் வருமானத்தை அவர்கள் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கணக்குக் கேட்கும் தேசம். அதன் சட்டத்தில் நம் விவசாய விலக்கு கிடையாது. இங்கே வரி கட்டாததால் அங்கே கழிப்பதற்கும் ஒன்றுமில்லை. அங்கே வேறொரு தயவு இருக்கிறது: வாரிசுரிமையாக வந்த சொத்துக்கு, இறந்தவர் காலமான தினத்தின் சந்தை மதிப்பே அடக்க விலை. இந்தியச் சட்டமோ தகப்பனார் வாங்கிய விலையையோ 2001-ஆம் வருஷத்து மதிப்பையோ எடுக்கச் சொல்லுகிறது. ஒரே சொத்து, ஒரே கிரயம். இங்கே லாபம் பெரியது, அங்கே சிறியது. தகப்பனார் 2019-இல் காலமாகி, அன்றைக்கு நிலத்தின் மதிப்பு 26 லட்சமாக இருந்து, 30 லட்சத்துக்கு விற்றால், அமெரிக்கக் கணக்கில் லாபம் 4 லட்சமே. ஆனால் 26 லட்சம் என்று யார் சொன்னது? காகிதம் இல்லாவிட்டால் அங்கத்திய அதிகாரி அடக்க விலையைப் பூஜ்யமென்று வைத்துக்கொண்டு 30 லட்சத்தையும் லாபமாகக் கொள்ளலாம். "மாமா, அப்பா போன அன்றைக்கு நிலத்துக்கு என்ன விலை இருந்தது என்று யார் குறித்துவைத்திருப்பார்கள்?" என்று ஒரு பெண் என்னிடம் கண் கலங்கக் கேட்டாள். துக்கத்தின் நடுவே எவரும் குறித்துவைப்பதில்லை. வைக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பதும் மனிதத்தன்மையன்று. சப்ரிஜிஸ்திரார் ஆபீஸின் வழிகாட்டி விலைகளையும், அதே கிராமத்தில் அந்த மாதங்களில் பதிவான கிரயங்களையும் கொண்டு, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் பின்னோக்கி மதிப்புப் பத்திரம் எழுதி வாங்கினோம். அது செல்லுபடியாயிற்று. அந்நாள் முதற்கொண்டு, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மரணம் நேர்ந்தால், காரியங்கள் முடிந்து சில மாதங்கள் சென்றபின், நானே போய் மதிப்பீட்டாளரை அழைத்து வரட்டுமா என்று கேட்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். அப்படியே, ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட வாரிசுச் சொத்து வெளிநாட்டவரிடமிருந்து வந்தால் 3520 என்ற நமூனாவில் அறிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவேன். அதில் வரி ஏதுமில்லை, தகவல் மட்டும். ஆனால் தாமதித்தால் தொகையில் 25 சதவீதம் வரை அபராதம் போகக்கூடும்.

நிலமும் வீடும் இப்படி. உத்தியோகஸ்தர்களின் கணக்கு இதைவிட எளிது. எங்கள் தொழிற்பேட்டையில் ஆஸ்திரியா தேசத்து ஏ.டி. அண்ட் எஸ். கம்பெனியின் மின்சுற்றுப் பலகைத் தொழிற்சாலையும், நெஸ்லேயின் காபித் தொழிற்சாலையும் இருக்கின்றன. இத்தகைய ஸ்தாபனங்கள் உள்ள ஊரில், அந்நிய இஞ்சினியர்கள் சில மாதங்கள் இங்கே வருவதும் நம் பிள்ளைகள் அங்கே பயிற்சிக்குப் போவதும் இயல்பு. சம்பளத்தை உழைத்த இடத்தில் வரி விதிப்பது பொது விதி. 183 நாளுக்கு மேற்படாத வாசம், வந்த தேசத்தில் வாசியல்லாத முதலாளி, அந்த தேசத்துக் கிளையின் செலவில் எழுதப்படாத சம்பளம் ஆகிய மூன்றும் கூடினால் மாத்திரம் சொந்த நாட்டிலேயே வரி. பெரிய ஸ்தாபனங்களுக்குத் தனி ஆலோசகர்கள் உண்டு. நாங்கள் அதில் அதிகம் தலையிட நேர்வதில்லை.

எங்களிடம் வருகிறவர்கள் திரும்பி வந்த முதியவர்கள். முப்பது வருஷம் அமெரிக்காவில் உழைத்துவிட்டு, கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்து, கபினிக் கரையில் சாவகாசமாகக் காலம் கழிக்க வருகிறார்கள். சட்டம் அவர்களுக்கு முதலில் சற்று இடைவெளி கொடுக்கிறது: முந்தின பத்து வருஷங்களில் ஒன்பதில் வாசியல்லாதவராக இருந்தவரோ, முந்தின ஏழு வருஷங்களில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இங்கே தங்காதவரோ, வாசியானாலும் சாதாரண வாசி ஆவதில்லை, அதுவரை வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டிலேயே கிடக்கும் வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. அந்த இரண்டு மூன்று வருஷங்களை வீணாக்காமல், அங்கத்திய கணக்குகளை ஒழுங்குசெய்யும்படி சொல்லுவேன். அமெரிக்க சோஷல் செக்யூரிட்டிப் பென்ஷனை, 1989-இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் 20-ஆவது ஷரத்துப்படி கொடுக்கும் நாடு மட்டுமே வரி விதிக்க முடியும். அங்கே வாசியல்லாதவருக்கு அதில் நூற்றுக்கு 85 பாகத்தின் மேல் 30 சதவீதம் பிடித்துக்கொண்டே அனுப்புகிறார்கள். அதை மறுபடியும் இங்கே சேர்த்து வரி கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், இரட்டைச் சுமையைத் தம் விதியென்று எண்ணிப் பல வருஷம் பேசாமலிருந்தார். அவருடைய ஒப்பந்தத்தை அவருக்கு வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லாமற்போனதே எனக்குப் பெரிய வருத்தம். அங்கத்திய ஓய்வுகாலச் சேமிப்பு நிதியின் விஷயத்தில், வருஷா வருஷம் அதில் சேரும் வருமானத்துக்கு இங்கே உடனே வரியா, எடுக்கும்போது வரியா என்று வெகுகாலம் குழப்பம் இருந்தது. 89ஏ என்ற பிரிவு வந்து, அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றுக்கும், எடுக்கும் வருஷத்திலேயே வரி கட்டலாம் என்று வழி திறந்தது. அதற்கு 10-இஇ என்ற நமூனாவைக் காலத்தில் கொடுக்க வேண்டும்; ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது.

காலம் கடந்த நமூனாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்நிய வரியைக் கழித்துக்கொள்வதற்குரிய 67-ஆம் நமூனாவை ரிட்டர்னுக்குரிய கெடுவுக்குள் கொடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, உண்மையாகக் கட்டிய வரிக்கு நிவாரணம் மறுத்த உத்தரவுகள் பல வந்தன. கெடு என்பது வழிமுறையே, அதற்காக ஒப்பந்தம் கொடுத்த உரிமை போய்விடாது என்று பெங்களூர் வருமானவரித் தீர்ப்பாயம் சொன்னபோது, என்னைப் போன்ற சிற்றூர் ஆடிட்டர்கள் அடைந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. 2022-இல் விதியே திருத்தப்பட்டு, கெடு நீண்டது. கறுப்புப் பணச் சட்டம் 2015-இல் வந்தபோது, வெளிநாட்டு ஆஸ்திகளின் பட்டியலில் பாங்கிக் கணக்கு அல்லாத ஒரு சிறு ஆஸ்தி விட்டுப்போனால்கூட 10 லட்ச ரூபாய் அபராதம் என்றிருந்தது. கள்ளப் பணத்தைத் துரத்தும் கருவி, நானூறு டாலர் பெறும் பழைய பங்குகளை மறந்துவிட்ட உபாத்தியாயரையும் அச்சுறுத்திற்று. 2024 அக்டோபரிலிருந்து, ஸ்தாவர சொத்து நீங்கலாக 20 லட்சத்துக்கு மேற்படாத ஆஸ்திகளுக்கு அந்த அபராதம் நீங்கியது. இது போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திசை சரியானது.

2025-ஆம் வருஷத்துப் புதிய வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்குரியது. நான் மேலே சொன்ன பிரிவுகளின் எண்கள் பழைய சட்டத்துக்குரியவை, புதியதில் மாறுகின்றன. நமூனாக்களின் எண்களும் அப்படியே. வாசி யார் என்பதற்கான நாள் கணக்கு மாறவில்லை. நம் வருஷம் ஏப்ரலில் பிறப்பதும் அமெரிக்க வருஷம் ஜனவரியில் பிறப்பதும் மாறப்போவதில்லை. வெளிநாட்டு ஆஸ்திப் பட்டியலை நாம் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான வருஷத்துக்கே கேட்கிறோம். அமெரிக்காவும் தன் மக்களின் அந்நிய பாங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் அந்த வருஷத்துக்கு அறிக்கை கேட்கிறது. இரண்டுக்கும் வேண்டியது அநேகமாக ஒரே விவரந்தான். ஆகையால் ஜனவரி பிறந்து முதல் வாரத்தில், நஞ்சன்கூட்டிலிருந்து நியூஜெர்சி வரையில் பரவியிருக்கிற என் கட்சிக்காரர்கள் எல்லாருக்கும் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் போகிறது: இரு தேசத்துப் பாங்கிக் கணக்குகளிலும் டிசம்பர் 31-இல் இருந்த தொகை, வருஷத்தில் மிக அதிகமாக இருந்த தொகை, அது இருந்த தேதி, வெளியே போன தேதிகள், உள்ளே வந்த தேதிகள், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் பிரதி, விமானச் சீட்டுகள். பதில் எழுதாதவர்களுக்குப் பொங்கல் கழித்து நானே டெலிபோன் செய்கிறேன்.